தகரப்பேணியின் பக்கம் நிற்கிறோம்

ஏப்ரல் விடுமுறையில் எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுந்தது. நுவரெலியாவில் ஒரு புல்வெளி. அதில் சிவப்பில் ஒரு பழைய எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார். கூரை மடித்து வைத்திருக்கு, கம்பிச் சில்லு மினுங்குது, சீற் ரெண்டே ரெண்டு. கீழே ஒருத்தன் எழுதினான்: "இதுதான்டா வாகனம். இப்ப ஓடுற வான் எல்லாம் வெறும் தகரப்பேணி." இருபதுக்கு மேல இதயக்குறி விழுந்தது. அதில் எங்கடயும் இருந்தது.

ரெண்டு நாள் கழித்து அதே ஆள் இரவு எட்டு மணிக்கு கொக்கட்டிச்சோலையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வெளிக்கிட்டான். கட்டாருக்கு வேலைக்குப் போற அக்காவை ஏற்றி அனுப்ப. அக்கா, அக்காட ரெண்டு பிள்ளைகள், அம்மா, மாமி, மச்சான், பக்கத்து வீட்டு ஆக்கள், கயிறு போட்டுக் கட்டின ரெண்டு பெட்டி. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல. எல்லாரும் ஒரு தகரப்பேணியில்தான் போனார்கள். அழுகையும் அதுக்குள்ளதான், நித்திரையும் அதுக்குள்ளதான்.

இந்தக் கட்டுரையை அந்த இதயக்குறிகளுக்கு எதிராக எழுதுகிறோம், எங்கடதையும் சேர்த்து. பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் இன்றைய பயணிகள் வானையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பெரிசு? கேள்வி விளையாட்டுக் கேள்வி மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒரு சமூகம் எதைப் பார்த்து வாய் பிளக்குது, எதில் ஏறி இருந்துகொண்டே அதை இளக்காரம் பண்ணுது என்பது விளையாட்டில்லை.

முதலில் கார்க்காரர்களின் அளவுகோலிலேயே அளந்து பார்ப்போம். வேகம், வலு, பிரேக்.

எம்ஜி டிசி என்ற கார் 1945 இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1250 சிசி எஞ்சின், 54 குதிரைவலு. முழு மூச்சில் ஓடினால் மணிக்கு 125 கிலோமீற்றர் அளவு. நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். உலகத்துக்கே "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இதுதான்" என்று படம் காட்டின கார் அது. அதன் பேரன் மாதிரியான எம்ஜிபி 1962 இல் வந்தது. 1798 சிசி, 95 குதிரைவலு, மணிக்கு 160 கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். 1980 வரைக்கும் ஐந்து லட்சத்துக்கு மேல செய்து விற்றார்கள்.

இப்ப தகரப்பேணிக்கு வருவோம். டொயோட்டா ஹையேஸ் என்ற பெயர் 1967 இல் தொடங்கினது. எங்கட ஆக்கள் அதன் ஒவ்வொரு தலைமுறைக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஷெல்', பிறகு 'டொல்பின்', பிறகு 'கேடிஎச்'. இந்தக் கேடிஎச் வடிவம் 2004 இல் வந்தது. மூன்று லீற்றர் டர்போ டீசல் எஞ்சின் போட்டதுக்கு 136 குதிரைவலு, பிந்தி வந்ததுக்கு 144. இழுவையில் எம்ஜிபியைப் போல ரெண்டு மடங்கு. முன்னுக்கு டிஸ்க் பிரேக். பல மாடல்களில் ஏபிஎஸ்ஸும் இருக்கு.

அதாவது கம்பிச் சில்லு போட்ட அந்த எம்ஜி டிசியைப் போல ரெண்டரை மடங்கு வலுவை, நாங்கள் டியூசனுக்கும் கிளினிக்குக்கும் போற வான் சீற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் ஓடுது.

நியாயமாகவும் கதைக்க வேணும். எம்ஜிபியின் எடை ஒரு தொன்னுக்கும் கொஞ்சம் குறைவு. வான் ஏறக்குறைய ரெண்டு தொன். எடைக்கு எடை வலுவைப் பார்த்தால் எம்ஜிபிதான் முன்னுக்கு. வளைவிலும் அதுதான் கெட்டிக்காரன். கீழே தாழ்ந்து இருக்கு, வான் உயர்ந்து இருக்கு. இதை மறைத்து எழுதினால் கார்க்காரர்கள் எங்களைச் சிரிப்பார்கள், சிரிக்கவும் வேணும்.

இந்தப் போட்டியை உண்மையாகவே ஓடிப் பார்த்த ஆளும் இருக்கு. ஜெர்மனியில் நூர்பூர்க்ரிங் என்றொரு ஓட்டப்பாதை, ஒரு சுற்று 20 கிலோமீற்றருக்கு மேல. அந்தப் பாதையைத் தன் வீட்டு முற்றம் மாதிரித் தெரிந்த ஓட்டுநர் சபீன் ஷ்மிட்ஸ். பிரித்தானியாவின் டொப் கியர் நிகழ்ச்சியில் ஜெரமி கிளார்க்சன் ஒரு ஜகுவார் டீசல் காரில் 9 நிமிடம் 59 செக்கனில் அந்தச் சுற்றை முடித்தார். "இந்த நேரத்தை நான் ஒரு வானிலேயே ஓடுவன்" என்ற மாதிரிச் சொல்லிவிட்டு, 2005 இல் ஒரு ஃபோர்ட் டிரான்சிட் டீசல் வானில் இறங்கினார் சபீன். 10 நிமிடம் 8 செக்கன். ஒன்பதே செக்கன் பிந்தல். அவர் 2021 இல் இறந்தபோது உலகம் முழுக்கப் பகிர்ந்த காணொளிகளில் அந்த வான் ஓட்டமும் ஒன்று.

எங்களுக்கும் அந்த ஓட்டம் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு குறை. அந்த வானின் பாரத்தைக் குறைத்துத்தான் ஓடினார்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடவில்லை. ஒரு வானை மெச்சுறதுக்கு முதல் அதிலிருக்கிற ஆக்களை இறக்க வேண்டியிருந்தது. கார்க்காரர்களின் அளவுகோலை வாங்கினால் இதுதான் நடக்கும். வென்றாலும் தோற்றாலும் சனம் வெளியில்.

ஆகவே அளவுகோலை மாற்றுகிறோம். ஒரு வாகனம் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை விட்டுவிட்டு, யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போகுது என்று கேட்போம்.

படுவான்கரையில் ஒரு வானின் நாள் எப்படி? விடிய ஆறரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எட்டு மணிக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு கிளினிக் ஆக்கள். மத்தியானம் ஒரு செத்தவீடு, பெட்டி வேற வாகனத்தில், சொந்தக்காரர் எல்லாம் வானில். பின்னேரம் திரும்பவும் பிள்ளைகள். சனி ஞாயிறு கலியாணம், சாமத்தியம். ஆடியில் கதிர்காமம். தான்தோன்றீஸ்வரர் தேருக்கு எழுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தால வரிசை வரிசையாக வான். ஒரு வாகனத்துக்குள்ள ஒரு ஊரின் பிறப்பும் படிப்பும் வருத்தமும் சாவும் மாறி மாறி ஏறி இறங்குது. இதே ஹையேஸ்தான் கென்யாவில் மட்டாட்டு, தென்னாபிரிக்காவில் மினிபஸ் டாக்சி. அரசாங்கம் பஸ் விடாத ஊர்களை எல்லாம் உலகம் முழுக்க இந்தத் தகரப்பேணிகள்தான் இழுத்துக்கொண்டு திரியுது.

"அந்தக் காலத்து வாகனம் மாதிரி வருமா" என்று கேட்கிறார்கள். எந்தக் காலத்து வாகனம்? யாருடைய காலம்? நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கினது. ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கார்களை ஏற்றி, யார் கெதியாக மேலே போறது என்று பார்க்கிற போட்டி. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள், அந்த மலைகளில் பாதை வெட்டினவர்கள், நாங்கள் பேசுற மொழியைப் பேசினவர்கள். எம்ஜி டிசி விற்பனையில் இருந்த அதே காலத்தில், 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அந்த மக்களை நாடற்றவர்களாக்கினது. சிவப்புக் கார் மேலே ஏறுது, அந்தப் பாதையை வெட்டின குடும்பத்துக்கு இருக்கிற நாட்டில் உரிமை இல்லை. படத்தில் காரும் புல்லும் மட்டும்தான் விழும், இது விழாது.

எங்கட கரைக்கு வருவோம். அந்தப் பொற்காலத்தில் படுவான்கரைக்கு என்ன வாகனம் இருந்தது? மாட்டு வண்டில், உழவு இயந்திரம், வள்ளம், சைக்கிள். ஆற்றைக் கடக்கப் பாதை. பாதை என்றால் வெளியூர் ஆக்கள் ரோட்டு என்று நினைப்பார்கள். நாங்கள் சொல்வது ஆக்களையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைப் படகை. மண்முனையில் பாலம் திறந்தது 2014 ஏப்ரலில்தான், அதுவும் ஜப்பான் உதவியோட. அதுவரைக்கும் வருத்தக்காரரை ஏற்றிக்கொண்டு துறையில் காத்து நின்ற கதை எங்கட வீடுகளில் ஒவ்வொரு அம்மம்மாட்டயும் இருக்கு. 1987 ஜனவரி, 1991 ஜூன் என்று ரெண்டு திகதி எங்கட ஊரில் வருசா வருசம் விளக்கேற்றி நினைக்கப்படுது. கிளாசிக் கார் பக்கங்களில் அந்த வருசங்களுக்கு வேற படங்கள் இருக்கும். எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு காலத்துக்கு நாங்கள் ஏங்குகிறோம் என்பதுதான் இதில் வெட்கம்.

பழையது எல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் தட்டிவான் ஓடினது. பழைய லொறிச் சட்டத்துக்கு மேல மரத்தால உடம்பு கட்டி, ஆக்கள், ஆடு, மரக்கறி, மீன்கூடை எல்லாம் ஏற்றின வாகனம். அதைக் கட்டினது எங்கட தச்சர்மார். பழமைக்குத்தான் மரியாதை என்றால் எங்கட போனில் தட்டிவான் படமும் இருக்க வேணுமே? எத்தனை பேரிடம் இருக்கு? ஆக, மதிக்கப்படுவது பழமை இல்லை. ரெண்டு சீற்றோட நிறுத்திக்கொள்ள வசதி இருக்கிற ஒரு ஆளின் வாழ்க்கைதான் மதிக்கப்படுது.

இந்த மதிப்பு வெறும் ரசனையாக மட்டும் நின்றால் நாங்கள் இவ்வளவு எழுத மாட்டோம். அது அரசாங்கத்தின் தாளிலும் ஏறுது. 2022 யூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது தொடக்கத்தில் அறிவித்த வாராந்தப் பங்கை நினைத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20, வானுக்கு 20. காருக்கும் வானுக்கும் ஒரே கணக்கு. ஒரு ஆள் கந்தோருக்கு ஓடுற காருக்கும் 20. பதினாலு பேர் ஏறுற வானுக்கும் 20. தலைக்குப் பிரித்தால் வானில் இருக்கிறவருக்கு ஒன்றரை லீற்றர்கூட இல்லை. கார்க்காரருக்கு முழு இருபதும் தனக்கே. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் வாகனத்தை எண்ணினார்கள், உள்ளுக்கு இருக்கிற தலைகளை எண்ணவில்லை. படுவான்கரைப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த மாதங்களில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள், எத்தனை பேர் நிற்பாட்டினார்கள் என்று வகுப்பு வாத்தியார்மாரைக் கேளுங்கள். எங்களில் சிலர் அப்ப உயர்தரம் படித்தவர்கள். எங்களைக் கேட்டாலும் சொல்லுவோம்.

எங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடிய மூன்று விசயம் இருக்கு. மூன்றும் லேசில் தள்ளக்கூடியது இல்லை.

முதலாவது, அழகு. 1961 இல் வந்த ஜகுவார் ஈ-டைப்பைப் பார்த்துவிட்டு அழகில்லை என்று சொல்ல எங்களால் ஏலாது. வானை யாரும் அழகென்று சொன்னதில்லை. அது ஒரு பெட்டி. பெட்டியாக இருக்கிறதாலதான் நிமிர்ந்து இருக்கவும் பாட்டியைத் தூக்கி ஏற்றவும் முடியுது என்று பதில் சொல்லலாம். ஆனால் அழகுக்கு அது பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறோம். அழகை ரசியுங்கள். அந்த அழகைத் தூக்கிப் பிடிக்க வானைத் தகரப்பேணி என்று மிதிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

ரெண்டாவது, பழைய காரை ரோட்டோரத்தில் வைத்தே திருத்தலாம். ரெண்டு காபரேற்றர், ஒரு ஸ்பானர் செற், கை தெரிந்த ஒரு மெக்கானிக் போதும். கேடிஎச்சின் எஞ்சின் கொம்பியூட்டர் சொல்லிக் கேட்கிறது. இன்ஜெக்டர் பழுதானால் ஹயருக்கு ஓடி ஒருவர் சேர்த்த காசு எல்லாம் அதோட போகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த அஞ்சு வருசமும் இருக்கிற வானைத்தான் ஒட்டி ஒட்டி ஓடினார்கள். திருத்தக்கூடிய வாகனம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதைக் கேட்கவேண்டிய இடம் இன்றைய வானைச் செய்கிறவர்களிடம். அறுபது வருசப் பழைய காருக்கு முன்னால நின்று பெருமூச்சு விடுகிறதால அது கிடைக்காது.

மூன்றாவதுதான் பாரமானது. வான் ஆக்களைக் கொல்லுது. இரவோடிரவாகக் கொழும்புக்குப் போய், நித்திரை கொள்ளாமல் அப்படியே திரும்புற ரைவர்மாரை எங்கட எல்லாருக்கும் தெரியும். கேடிஎச்சில் ரைவரின் காலுக்கு முன்னால பெரிசா ஒன்றும் இல்லை. எஞ்சின் சீற்றுக்குக் கீழ இருக்கு, மோதினால் நொருங்கி வாங்கிக்கொள்ள முன்பக்கம் குறைவு. அதனாலதான் 2019 இல் வெளிநாடுகளுக்கு வந்த புது ஹையேஸில் முன்னுக்குச் சின்னதாக ஒரு மூக்கு வைத்தார்கள். இங்கே முன் சீற்றுக்கு பெல்ட் 2011 இல் கட்டாயமானது. பின்னுக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு? எங்கட தம்பி தங்கச்சிமார் போற வான்களில் மூன்று பேர் சீற்றில் அஞ்சு பேர், மடியில் ஒன்று, கதவோடு சாய்ந்தபடி ஒன்று. பெல்ட் இருந்தாலும் சீற் கவருக்குக் கீழ தைத்து மூடியிருக்கும்.

இந்தக் குற்றச்சாட்டை நாங்கள் முழுசாக ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேணும். எம்ஜியின் குரோமியம் எந்த வருசத்து என்று நூறு பேர் சண்டை பிடிக்கிற இடத்தில், பள்ளிக்கூட வானின் பின் சீற்றில் பெல்ட் இருக்கா என்று கேட்க ஏன் ஒரு ஆள் இல்லை? தகரப்பேணி என்று பேர் வைத்தால் அதுக்குள்ள அடைகிறது மீன் மாதிரித்தான் இருக்கும். பேணிக்குள்ள இருக்கிறதுக்கு யாரும் பெல்ட் கேட்கிறதில்லை. மதிக்காத ஒன்றைத் திருத்தச் சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார்கள். இளக்காரத்துக்கும் அந்த அஞ்சாவது பிள்ளைக்கும் இடையில் நேர்கோடு இருக்கு.

வானைக் கோயிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவும் இல்லை. தமிழருக்கு வான் என்ற சொல்லோடு 'வெள்ளை' என்ற சொல் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று எங்கட அம்மாமாருக்குத் தெரியும். ஆக்களை ஏற்றிக்கொண்டு போய் திரும்பக் கொண்டுவராத வான்களும் இந்த நாட்டு ரோட்டில்தான் ஓடின. அந்தப் பிள்ளைகளைத் தேடி இன்றைக்கும் படத்தைப் பிடித்துக்கொண்டு போராட்டத்துக்குப் போற அம்மாமாரும் காசு சேர்த்து வான் பிடித்துத்தான் போகிறார்கள். ஒரே தகரம், ஒரே எஞ்சின். ஏற்றினது யார், ஏன், எங்கே இறக்கினார் என்பதில்தான் எல்லாம் இருக்கு. அளவுகோலை மாற்றச் சொன்னதுக்கு எங்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

வான் முதலாளிமாருக்கும் நாங்கள் வக்கீல் இல்லை. படுவான்கரையில் பொழுதுபட்ட பிறகு பஸ்ஸை நம்பி வெளிக்கிட ஆக்கள் யோசிக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் ஹயர் ஓடுது, அந்த இடைவெளிக்குத்தான் நாங்கள் காசு கட்டுகிறோம். வானுக்கு நாங்கள் கொடுக்கிற மரியாதையின் கடைசி வடிவம், ஒவ்வொரு கிளினிக்குக்கும் அதைப் பிடிக்கத் தேவையில்லாத அளவுக்கு பஸ் விடு என்று கேட்பதுதான். அதுவரைக்கும் வானுக்கு எரிபொருள் கொடுத்தால் தலையை எண்ணிக் கொடு, பின் சீற்றுக்கும் பெல்ட் போடு, இரவு ஓடினவனை விடிய ஓடவிடாதே. இவ்வளவும்தான்.

எம்ஜி படம் போட்ட நண்பனிடம் இதை வாசித்துக் காட்டினோம். "சரி மச்சான், மறுகா பாப்பம், ஆனா அந்தக் கார் வடிவுதான்" என்றான். வடிவுதான். அக்கா கட்டாரில் இறங்கிவிட்டா, அக்காட ரெண்டு பிள்ளைகளும் இப்ப அம்மம்மாட்ட. விடிய ஆறரைக்கு அவர்களை ஏற்ற ஒரு டொல்பின் வருது. அதில் பின்னுக்கு எத்தனை பெல்ட் என்று எண்ணிப் பார்த்தியா என்று கேட்டோம். அவன் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பார்க்கிறானாம். நீங்களும் பாருங்கள்.